வெயிலில் காணாமல் போகும் குளோரீன்: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டு நீச்சல் தடாகங்களுக்கான கேள்வி பதில்

கல்லடி, பாசிக்குடா, பொத்துவில், அறுகம்பே பக்கங்களில் வளவுக்குள் ஒரு சின்ன பூல் கட்டியிருக்கும் வீடுகளும் விருந்தினர் விடுதிகளும் இப்போது நிறைய. பூல் வைத்திருக்கும் எல்லாரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: குளோரீன் நிற்பதில்லை. மேலே கூரையில்லாத, வெயில் நேராக விழும் வீட்டுப் பூல்களுக்கானது இந்தப் பக்கம். கணக்குகளுக்கு 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.25 மீற்றர் ஆழமுள்ள பூல் ஒன்றை எடுத்திருக்கிறேன். அதில் 40,000 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். உங்களுடையது சிறிதோ பெரிதோ, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

காலையில் போட்ட குளோரீன் மத்தியானத்துக்குள் எங்கே போகிறது?

தண்ணீரில் குளோரீன் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று ஐப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதுதான். மற்றது ஐப்போகுளோரைட்டு அயன். இந்த இரண்டாவது வடிவம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சி, உடைந்து, வெறும் குளோரைட்டாக மாறிவிடும். கறியுப்பில் இருக்கும் அதே குளோரைட்டு. கிருமி நீக்க அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு வடிவம் குறையக் குறைய மற்றது அதை நிரப்புவதால், கடைசியில் இரண்டுமே தீர்ந்துபோகும்.

பாதுகாப்பு எதுவும் சேர்க்காத தண்ணீரில், நல்ல வெயிலில், ஏறக்குறைய 45 நிமிடத்துக்கு ஒரு தடவை குளோரீன் பாதியாகிறது. காலை 9 மணிக்கு 3 பிபிஎம் இருந்தால் 12 மணிக்கு 0.2 கூட இருக்காது. கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று நினைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பிபிஎம் என்பது ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிராம். கூரையில் வைத்திருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியில் ஒரு கிராம் கரைந்தால் 1 பிபிஎம். நம் 40,000 லீற்றர் பூலுக்கு 1 பிபிஎம் என்றால் 40 கிராம் சுத்தக் குளோரீன்.

எங்கள் பக்கத்து வெயிலுக்கு இது இன்னும் மோசமா?

ஆம். மட்டக்களப்பு பூமத்திய ரேகையிலிருந்து 8 பாகை கூட இல்லை. சூரியன் வருடத்தில் இரண்டு தடவை சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது: ஏப்ரல் 10 அளவில் ஒரு தடவை, செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை. இடைப்பட்ட மாதங்கள்தான் நமக்கு மழையில்லாத கோடை. பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்து குவிவதும் அதே மாதங்களில். ஆக வெயில், சூடான தண்ணீர், குளிப்பவர் கூட்டம் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. பிறகு கச்சான் காற்று எழும்பினால் புழுதியும் சருகும் வேறு. நெல்வயலுக்குப் பக்கத்தில் வீடென்றால் சூடடிக்கும் நாட்களில் பதரும் தூசும் பூலில் படியும். அதையெல்லாம் எரித்துத் தீர்ப்பதற்கும் குளோரீன்தான் செலவாக வேண்டும்.

மேகமூட்டமான நாள் என்றும் அசட்டையாக இருக்கக் கூடாது. புற ஊதாக் கதிரில் நல்ல பங்கு மேகத்தைத் தாண்டி வந்துவிடும்.

அப்படியென்றால் வழி என்ன?

சயனூரிக் அமிலம். கடைகளில் ஸ்டெபிலைசர் அல்லது கண்டிஷனர் என்று கேட்டால் தருவார்கள். வெள்ளைத் தூளாகவோ குருணலாகவோ இருக்கும். இது குளோரீனைத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்டிருக்கும் குளோரீனை வெயில் எளிதில் உடைக்காது. தண்ணீரில் இருக்கும் குளோரீன் கிருமியோடு மோதிச் செலவாகும்போது, பிடித்து வைத்ததில் இருந்து அந்த அளவு விடுபட்டு வரும். சட்டைப் பையில் கொஞ்சக் காசும் மிச்சம் பாங்கிலும் இருப்பது மாதிரி: பையில் உள்ளதுதான் செலவுக்கு உதவும், பாங்கில் உள்ளது கள்ளனிடம் போகாது.

30 முதல் 50 பிபிஎம் வரை போதும். நம் பூலுக்கு 30 பிபிஎம் வேண்டுமென்றால் 1.2 கிலோ. உப்பிலிருந்து குளோரீன் செய்யும் கருவி பூட்டியிருந்தால் 60 முதல் 80 வரை வைக்கச் சொல்வார்கள்.

இது கரைவது மிக மெதுவாக. பூலுக்குள் அப்படியே கொட்டினால் அடியில் படிந்து கிடக்கும். பழைய காலுறை (மேஸ்) ஒன்றில் போட்டுக் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயின் முன்னால் தொங்கவிடுங்கள். அவ்வப்போது கையால் பிசைந்துவிட்டால் சீக்கிரம் போகும். ஒரு கிழமை கழித்து அளந்து பாருங்கள். அடுத்த நாளே அளந்துவிட்டு, கூடவில்லையே என்று இன்னொரு கிலோவைப் போட்டுவிடாதீர்கள்.

கடையில் 200 கிராம் மாத்திரை தருகிறார்கள். அதிலேயே ஸ்டெபிலைசர் இருக்கிறதாம். அது போதாதா?

கொஞ்ச நாளைக்குப் போதும். பிறகு அதுவே தலையிடி.

அந்த மாத்திரை ட்ரைகுளோர். அதில் 90 வீதம் பயன்படு குளோரீன். நம் பூலில் ஒரு மாத்திரை முழுவதும் கரைந்தால் 4.5 பிபிஎம் குளோரீன் கிடைக்கும், கூடவே ஏறக்குறைய 2.7 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். குளோரீன் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் போகாது. வெயிலில் உடையாது, தண்ணீரோடு ஆவியாகாது. ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரீனை மாத்திரையாலேயே ஈடு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 36 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்ந்துவிடும். சித்திரையில் தொடங்கினால் ஆடி பிறப்பதற்குள் 100 தாண்டும்.

குருணல் வடிவில் வரும் டைகுளோர் இன்னும் வேகம். அதில் ஒவ்வொரு 1 பிபிஎம் குளோரீனுக்கும் 0.9 சயனூரிக் அமிலம் சேரும்.

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: ஸ்டெபிலைசரை ஒரு தடவை அளந்து போடுங்கள், அதற்குப் பிறகு தினசரிக் குளோரீனுக்கு ஸ்டெபிலைசர் கலக்காத சரக்கை வாங்குங்கள். கோடை முழுக்க மாத்திரையை மட்டும் நம்பி ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். நாலைந்து நாள் வீட்டில் ஆளில்லை, வெளியூர்ப் பயணம் என்றால் ஒன்றிரண்டு மாத்திரை மிதவையில் கிடக்கட்டும், குறையில்லை.

ஸ்டெபிலைசர் கூடினால் அப்படி என்ன நடந்துவிடும்? குளோரீன் நன்றாக நிற்கும்தானே?

நிற்கும். ஆனால் வேலை செய்யாது. சோதித்துப் பார்த்தால் 3 பிபிஎம் என்று காட்டும், சுவரில் பாசி வழுக்கும். பலர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். எண்ணிக்கை சரி, தண்ணீர் பச்சை.

நடைமுறையில் எடுக்கும் கணக்கு இது: சுயாதீனக் குளோரீன் (இன்னும் செலவாகாமல் வேலைக்கு இருக்கும் குளோரீன்) அளவு, சயனூரிக் அமில அளவின் 7.5 வீதத்துக்குக் குறையக் கூடாது. சயனூரிக் அமிலம் 40 என்றால் குளோரீன் 3க்குக் கீழே போகவிடக் கூடாது. 80 என்றால் 6. 120 என்றால் 9. ஆகவே "எப்போதும் 1 முதல் 3 வரை" என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் காணாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தினசரிக்கு எதைப் போடுவது?

இரண்டு சரக்கு உண்டு. திரவக் குளோரீன், அதாவது சோடியம் ஐப்போகுளோரைட்டு. இதில் சயனூரிக் அமிலமும் இல்லை, கல்சியமும் இல்லை. 10 வீதக் கரைசலென்றால் ஒரு லீற்றர் நம் பூலுக்கு 2.5 பிபிஎம் தரும். குறை என்னவென்றால் சூட்டில் வலு இழக்கும். தகரக் கொட்டிலுக்குள் கோடையில் வைத்த கேனும் நிழலான அறையில் வைத்த கேனும் ஒரு மாதத்தில் ஒன்றாக இருக்காது. தேவையானதை மட்டும், புதிதாக வாங்குங்கள்.

மற்றது கல்சியம் ஐப்போகுளோரைட்டு, 65 வீதம் அல்லது 70 வீதத் தூள். 3 பிபிஎம் கூட்ட நம் பூலுக்கு 185 கிராம் வேண்டும். வைத்திருந்து பாவிக்கலாம், இலகுவில் கெடாது. ஆனால் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரீனுக்கும் 7 பிபிஎம் அளவு கல்சியக் கடினத்தன்மை தண்ணீரில் சேரும். கிணற்றுத் தண்ணீரே கடினமான இடங்களில் தரை ஓடு (டைல்) பதித்த வரம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும். அப்படியான வீடுகளில் திரவத்தோடு மாற்றி மாற்றிப் பாவிப்பது நல்லது.

வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடரும் குளோரீன்தான். ஆனால் வலு ஏறக்குறைய பாதி, மிச்சமெல்லாம் சுண்ணாம்பு மண்டி. பூலுக்குள் அதைக் கொட்டினால் தண்ணீர் கலங்கி பில்டர் அடைக்கும். கிணற்றுக்கே இருக்கட்டும்.

எத்தனை மணிக்குப் போடுவது?

பொழுது பட்டபின். பின்னேரம் ஆறு, ஆறரை மணிக்குக் குளிப்பவர்கள் ஏறியதும் போட்டு, பம்பை ஒரு மணித்தியாலமாவது ஓடவிடுங்கள். இரவு முழுக்க வெயிலின் இடைஞ்சல் இல்லாமல் குளோரீன் தன் வேலையைப் பார்க்கும். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது, பாதியை வெயிலுக்குக் கொடுப்பதற்குச் சமம். ஸ்டெபிலைசர் சரியாக இருந்தால் இழப்பு இவ்வளவு கடுமையாக இராது, ஆனாலும் பின்னேரமே மேல்.

வெயில்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது நல்ல கேள்வி, இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பொழுது பட்டபின் குளோரீன் போட்டு, கலந்தபின் அளந்து எழுதிவையுங்கள். இரவில் யாரும் இறங்கக் கூடாது. விடிய, சூரியன் எழும்ப முன் மறுபடியும் அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை. ஆகவே இழப்பு 1 பிபிஎம்முக்குள் இருந்தால் தண்ணீர் சுத்தம், பகலில் போவதெல்லாம் வெயிலால். அதைவிடக் கூடினால் தண்ணீருக்குள் ஏதோ குளோரீனைத் தின்கிறது. கண்ணுக்கு இன்னும் தெரியாத பாசியாக இருக்கலாம், பில்டருக்குள் அழுகும் சருகாக இருக்கலாம், கிணற்றுத் தண்ணீரோடு வந்த அமோனியாவாகவும் இருக்கலாம். அந்த நிலையில் ஸ்டெபிலைசரைக் கூட்டிப் பிரயோசனமில்லை. தேய்த்துக் கழுவி, பில்டரைப் பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டுக் கழுவி), இரவு இழப்பு நிற்கும் வரை குளோரீனை உயரத்தில் வைத்திருக்க வேண்டும். 30 பிபிஎம் சயனூரிக் அமிலமுள்ள பூலில் அந்த உயரம் 12 பிபிஎம் அளவு. சயனூரிக் அமிலம் 100 உள்ள பூலில் 40 வேண்டும். மாத்திரைக்காரர்கள் பச்சைத் தண்ணீரை மீட்கப் படும் பாடு இதனால்தான்.

எதைக் கொண்டு அளப்பது? மஞ்சளாக மாறும் துளி மருந்து ஒன்று வைத்திருக்கிறேன்.

அது மொத்தக் குளோரீனை மட்டும் காட்டும். வேலை முடித்துச் செத்துப்போன குளோரீனையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவதால் நம்பிக் கெட வேண்டியதுதான். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி சோதனை சுயாதீனக் குளோரீனைத் தனியே காட்டும். சயனூரிக் அமிலத்துக்குத் தண்ணீரைக் கலங்கலாக்கி, குழாயின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளி மறையும் மட்டத்தைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைப் பகல் வெளிச்சத்தில், முதுகுப் பக்கம் வெயில் படும்படி நின்று பாருங்கள். பத்துப் பதினைந்து முன்பின் வரும், பரவாயில்லை.

பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) பற்றி?

7.2 முதல் 7.6 வரை. பிஎச் 7.5 இல் குளோரீனில் ஏறக்குறைய பாதிதான் ஐப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8 க்குப் போனால் கால்வாசியாகிவிடும், வெயிலில் எளிதில் உடையும் வடிவம் கூடிவிடும். நீரூற்று, அருவி என்று அலங்காரம் வைத்தால் காற்றுப் பட்டு பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகுதான், பிஎச்சைக் குறைக்கப் போடும் அமிலச் செலவைச் சொல்லவில்லை.

கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் குளோரீன் போட்டதும் பழுப்பாகிவிட்டது. ஏன்?

இரும்பு. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, குளோரீன் பட்டதும் துருவாகி நிறம் காட்டும். பில்டரை ஓடவிட்டு, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுங்கள். குழாய்நீர் இணைப்பிருந்தால் முதல் நிரப்புக்கு அதையோ பவுசர் தண்ணீரையோ பாருங்கள். கரையோர மணலில் கிணறும் மலசலகூடக் குழியும் கிட்டக் கிட்ட இருக்கும் வளவுகளில் கிணற்று நீரில் அமோனியா வரலாம். ஒரு பங்கு அமோனியாவைத் தீர்க்கப் பத்துப் பங்கு அளவில் குளோரீன் தேவைப்படும்.

மேலே நிழல் போட்டால்?

நன்றாக உதவும். நாற்றுமேடைக்குப் போடும் பச்சை நிழல் வலை, பகலில் பாவிக்காத நேரம் மூடும் கனமான விரிப்பு, எல்லாம் இழப்பைக் குறைக்கும். பகலில் எப்போதும் மூடியே இருக்கும் பூலுக்கு ஸ்டெபிலைசர் மிகக் கொஞ்சமே போதும். கிடுகுப் பந்தல் குளிர்ச்சிதான், ஆனால் கச்சான் காற்றுக்கு ஓலைத் துரும்பெல்லாம் தண்ணீருக்குள்தான் விழும். வேம்பும் மாவும் அப்படியே.

பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும் பூல் வைத்திருக்கிறேன். அதற்கும் மாத்திரை போடலாமா?

வேண்டாம். கொஞ்சத் தண்ணீரில் அளவு தப்பினால் தோலும் கண்ணும் எரியும். விளையாடி முடிந்ததும் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

குளிக்க இறங்க முன் கிணற்றடியில் ஊற்றிக்கொண்டு வரச் சொன்னால் விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும். வியர்வை, தலையில் வைத்த எண்ணெய், வெயிலுக்குப் பூசிய கிரீம் எல்லாம் குளோரீனைத் தின்னும். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைதரசனோடு சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். மூக்கில் ஏறுகிற அந்தப் "பூல் மணம்" அதுதான். மணம் கூடினால் குளோரீன் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் செய்ய வேண்டியது அதற்கு எதிர்மாறு.

ஸ்டெபிலைசர் 150 வந்துவிட்டது. குறைக்க மருந்து உண்டா?

நம்பிப் போடக்கூடிய மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. பாதியை இறைத்துப் புதிதாக நிரப்பினால் பாதியாகும். ஆனால் ஆவணியில், கிணறு அடிமட்டத்தில் இருக்கும்போது 20,000 லீற்றருக்கு எங்கே போவது? முடிந்தால் மாரி வரை பொறுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தி, 7.5 வீதக் கணக்கின்படி குளோரீனை உயர்த்தி வைத்துச் சமாளியுங்கள்.

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை, பெரும் பகுதி நவம்பர் முதல் ஜனவரிக்குள். நம் பூலின் ஆழமே 1,250 மில்லிமீற்றர்தான். நிரம்பிய பூலில் ஒரு மீற்றர் மழை விழுந்து, கலந்து, வழிந்தோடினால் சயனூரிக் அமிலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பம்பை ஓடவிட்டுக் கலக்க வைத்தால் போதும், வானம் இலவசமாகச் செய்து தருகிறது. அதனால்தான் ஸ்டெபிலைசர் கணக்கை ஒவ்வொரு வருடமும் மாசியில், மழை ஓய்ந்ததும் அளந்து புதிதாகத் தொடங்கச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: மாரியில் பூலை முழுதாக இறைக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும் காலம் அது. வெறுமையான கொங்கிறீட் தொட்டியை அடியிலிருந்து தண்ணீர் தூக்கி வெடிக்க வைக்கும், சில வேளை மிதக்கவே விடும்.

மழைக்காலத்தில் யாரும் குளிப்பதில்லை. குளோரீனை நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் நுளம்புக் குடம்பி வரும். டெங்குக் காலமும் அதுதான். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வளவுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கு. பம்பைத் தினமும் சில மணி நேரம் ஓடவிட்டு, குளோரீனைக் கீழ் எல்லையிலாவது வையுங்கள்.

களஞ்சியத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கலாமா?

கூடவே கூடாது. ட்ரைகுளோர் மாத்திரையும் கல்சியம் ஐப்போகுளோரைட்டுத் தூளும் கலந்தால், அதிலும் கொஞ்சம் ஈரம் பட்டால், தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றுக்குப் பாவித்த கரண்டியை மற்றதுக்குள் விடாதீர்கள். மாத்திரை கிடந்த மிதவையில் தூளைப் போடாதீர்கள். பிஎச் குறைக்கும் அமிலம் எந்தக் குளோரீனோடு சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும். தூளைக் கரைப்பதென்றால் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். மாறி ஒருபோதும் செய்யாதீர்கள். திரவக் குளோரீனைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை.

இறைக்கும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

குளோரீன் போடாமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, சோதனையில் பூச்சியம் காட்டியதும் விடலாம். ஸ்டெபிலைசர் உள்ள தண்ணீரில் இன்னும் சில நாள் பிடிக்கும், அளந்து பார்த்தே விடுங்கள். உப்புக் கருவி பூட்டிய பூலின் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்கு விட வேண்டாம். வாவிக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ குளோரீனோடு திறந்துவிட்டால் மீன் சாகும்.